எட்டு வருஷமா தீராத மலச்சிக்கல்: காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பவானி கூடுதுறை | திங்கள், இரவு 10.40

அம்மாவுக்கு 61 வயசு. ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில 22 வருஷம் சேல்ஸ்ல நின்னவங்க. எட்டு வருஷமா வயிறு சரியில்லைங்க. நாலு நாளைக்கு ஒருக்கா போவாங்க, சில சமயம் ஆறு நாள் ஆயிரும். போனாலும் ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையா, முக்கி முக்கி முக்கால் மணி நேரம். வெளிய வந்து கட்டில்ல சாயும்போது மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கிடக்கும். "இன்னும் உள்ளயே நிக்கற மாதிரி இருக்கு கண்ணு"ன்னு மட்டும் சொல்லுவாங்க.

பண்ணாத வைத்தியம் இல்லை. பூவன்பழம், ராத்திரி வெந்நீர், கடுக்காய்ப் பொடி, இசப்கோல், சிரப், கடைசியில மாத்திரை. ஒவ்வொண்ணும் பத்து நாள் கேக்கும், அப்புறம் பழையபடிதான். யார்கிட்டக் கேட்டாலும் குடிக்கறதுக்குப் புதுசா ஒண்ணு சொல்றாங்க. எதனால இப்படி ஆகுதுன்னு ஒருத்தரும் உக்காந்து சொன்னதில்லை. விவரம் தெரிஞ்சவங்க, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

இரவுப்பணி | திங்கள், இரவு 11.25

தண்ணி நாலு லிட்டர் குடிக்கச் சொல்லுங்க. தினமும் கீரை. எனக்கு அதுலயே சரியாச்சு.

பவானி கூடுதுறை | செவ்வாய், காலை 6.10

நன்றிங்க. கீரை இல்லாத நாளே எங்க வீட்ல கிடையாது. தண்ணியும் நல்லாத்தான் குடிக்கறாங்க. இப்பெல்லாம் கீரை, நார்ச்சத்து அதிகமானா வயிறு உப்பிக்கிட்டு இன்னும் அவஸ்தைப்படறாங்க. அதான் குழப்பமே.

மாத்திரைக்கடை | செவ்வாய், மதியம் 2.15

அக்கா, நான் திருச்சில இருபது வருஷமா மருந்துக்கடை கவுன்ட்டர்ல நிக்கிறவன். டாக்டர் இல்லை. ஆனா ஒண்ணு கேக்கறேன், அம்மா இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க? எல்லா அட்டையையும் மேசையில பரப்பி வச்சு ஒவ்வொண்ணா இங்க எழுதுங்க. விட்டமின், ஜெல், நாட்டு மருந்து எதையும் விட்டுடாதீங்க.

ஏன் கேக்கறேன்னா, கடைக்கு மாசாமாசம் ஒரே சீட்டோட வர்றவங்க இருக்காங்க. அதுல மேல இரும்புச்சத்து மாத்திரை, கீழ மலச்சிக்கலுக்கு சிரப். ஒண்ணு கட்டுது, இன்னொண்ணு அவிழ்க்குது. அந்த ரெண்டு வரியையும் யாரும் சேர்த்துப் படிக்கறதில்லை.

வயித்தைக் கட்டக்கூடிய மருந்துகள் நிறைய இருக்கு. இரும்புச்சத்து, கால்சியம். அசிடிட்டிக்கு வாங்கற மருந்துல அலுமினியம் இருந்தா கட்டும், மக்னீசியம் இருந்தா இளக்கும். ட்ரமடால், கோடீன் மாதிரி வலி மாத்திரை. நரம்பு எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் குடுக்கற அமிட்ரிப்டிலின். மனநல மருந்தோட சேர்த்து எழுதற ட்ரைஹெக்ஸிஃபெனிடைல். பிரஷருக்கும் இதயத்துக்கும் குடுக்கற வெராபமில். நீர் பிரியற மாத்திரை. சளிக்கு வாங்கற, தூக்கம் வரவைக்கற பழைய அலர்ஜி மாத்திரைகள். எல்லாருக்கும் எல்லாம் கட்டும்னு இல்லை. ஆனா ரெண்டு மூணு ஒண்ணா சேர்ந்தா குடல் மந்தமாயிடும்.

பவானி கூடுதுறை | செவ்வாய், இரவு 9.50

இப்பத்தான் எல்லாத்தையும் பரப்பி வச்சுப் பாத்தேன். கை நடுங்குது.

சுகருக்கு ரெண்டு. பிரஷருக்கு ஒண்ணு. இரும்புச்சத்து தினம் ஒண்ணு, மூணு வருஷமா. கால்சியம் தினம் ஒண்ணு. கால் எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின். நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர் ஜெல் ரெண்டு வேளை, பாட்டில்ல முதல் பேரே அலுமினியம் ஹைட்ராக்சைடு. நீங்க சொன்னதுல நாலு எங்க வீட்டு மேசையிலயே இருக்குங்க.

இரும்புச்சத்து எழுதின இடத்துல அதுக்கப்புறம் ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாக்கவே இல்லை. நாங்களும் சீட்டைக் காட்டி வாங்கிட்டே இருந்துட்டோம்.

பழைய வார்டு | செவ்வாய், இரவு 10.30

மகளே, நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றிரவே எதையும் நிறுத்திவிடாதே. அமிட்ரிப்டிலினைத் திடீரென்று விட்டால் வேறு தொல்லை வரும். அந்த அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போ. சீட்டை மட்டும் கொண்டு போகாதே, அட்டையையே காட்டு. ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., ரத்தத்தில் கால்சியம், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேள். பன்னிரண்டு பதினைந்து வருடச் சர்க்கரை குடலுக்குப் போகும் நரம்பையும் பிடிக்கும். கால் எரிச்சல் இருக்கிறது என்றாயே, பாதத்து நரம்பு கெட்ட உடம்பில் குடல் நரம்பு மட்டும் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு வார்த்தை பொதுவாக எல்லாருக்கும். தினமும் போனால்தான் ஆரோக்கியம் என்று கணக்கு வைத்துக்கொண்டு பலர் மாத்திரை விழுங்குகிறார்கள். நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை, சிரமமில்லாமல், இறுகாமல் போனால் அது இயல்புதான். வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவு, அல்லது முக்கல், இறுகல், மிச்சம் இருப்பது போன்ற உணர்வு மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் நாள்பட்ட மலச்சிக்கல். உன் அம்மாவுக்கு இருப்பது இது.

தாமிரபரணி | புதன், காலை 8.05

இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்னு சொல்லுதேன். எங்க திருநெல்வேலி நிலாவாரை உலகம் பூரா போற சரக்கு. வெள்ளைக்காரன் காலத்துலயே 'டின்னவெல்லி சென்னா'ன்னு ஊர்ப்பேரோட கப்பல் ஏறுனது. எங்க ஆச்சி வாரம் ஒரு தடவை நிலாவாரைப் பொடி, மாசம் ஒரு தடவை விளக்கெண்ணெய் குடிச்சு தொண்ணூறு வயசு இருந்தா. நாட்டு மருந்துக்குப் பக்க விளைவு கிடையாது.

மாத்திரைக்கடை | புதன், மதியம் 1.40

அண்ணே, நிலாவாரை நல்ல மருந்து, அதை மறுக்கலை. நாங்க அட்டையில விக்கற சென்னா மாத்திரையும் அதேதான். அதுல இருக்கற சத்தைப் பெருங்குடல்ல இருக்கற கிருமிகள் உடைச்ச பிறகுதான் வேலை செய்யும். அதான் ராத்திரி சாப்பிட்டா காலைல போகுது. ஆனா அது குடலைத் தள்ளிவிடற மருந்து. எதனால குடல் தானா தள்ளலைங்கறதுக்கு அது பதில் சொல்லாது.

அதைவிட, கவுன்ட்டர்ல தினமும் பாக்கற ஒண்ணைச் சொல்றேன். பேதி மருந்து சாப்பிட்டா குடல் மொத்தமும் காலியாயிடும். மறுபடி நிறைய ரெண்டு மூணு நாள் ஆகும். அந்த ரெண்டு நாள் போகலைன்னா அது மலச்சிக்கலே இல்லை, உள்ள ஒண்ணுமில்லை, அவ்வளவுதான். ஆனா ஜனங்க பயந்துபோய் மறுநாளே திரும்ப ஒரு டோஸ் போடறாங்க. அடுத்து ரெண்டு மாத்திரை, அப்புறம் மூணு. 'மாத்திரை இல்லாம எனக்குப் போகவே போகாது தம்பி'ன்னு சொல்ற பலருக்கு உண்மையில குடல் நிறையறதுக்கு அவகாசமே குடுக்கலை. ரொம்ப அளவு மீறி, தண்ணியா போற அளவுக்கு எடுத்துக்கிட்டே இருந்தா உடம்புல பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் குறைஞ்சா குடல் இன்னும் மந்தமாகும்.

டாக்டர் சொன்ன அளவுல சென்னா, பிஸாகோடைல் மாதிரி குடலைத் தள்ளிவிடற மாத்திரை எடுத்துக்கறவங்க குடல் கெட்டுப்போயிடும்னு பயப்பட வேண்டாம். அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

தாமிரபரணி | புதன், இரவு 7.30

அந்த ரெண்டு மூணு நாள் கணக்கு எனக்குத் தெரியாது தம்பி. எங்க அக்கா இப்படித்தான் தினமும் ஒண்ணு போடுதா. அவகிட்ட இன்னைக்கே பேசுதேன்.

ரெண்டு வாண்டு அம்மா | வியாழன், காலை 11.20

குழந்தைங்க விஷயம் இங்க பேசலாமா? என் பெரியவனுக்கு அஞ்சு வயசுல நடந்தது. ஜட்டியில தினமும் கறை. ஸ்கூல்ல இருந்து புகார். நான் அவனை அடிச்சிருக்கேன், இப்ப நினைச்சாலும் மனசு தாங்கலை. கதவுக்குப் பின்னாடி போய் நின்னு, காலை ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, குதிங்காலைத் தூக்கிக்கிட்டு மூஞ்சி சிவக்க நிப்பான். முக்கறான்னு நினைச்சேன். குழந்தை டாக்டர்தான் சொன்னாங்க, அவன் முக்கலை, அடக்கறான்னு.

முதல் தடவை இறுகிப் போனப்போ வலிச்சிருக்கு. அந்த பயத்துல அடக்கியிருக்கான். அடக்க அடக்க உள்ள இருக்கறதுல தண்ணி உறிஞ்சப்பட்டுப் பெரிய கட்டியாகி, அடுத்த தடவை இன்னும் வலி. அந்தக் கட்டியைச் சுத்திக்கிட்டு இளகினது அவனுக்கே தெரியாம கசிஞ்சதுதான் ஜட்டிக் கறை. அவன் வேணும்னு பண்ணலை. ஸ்கூல் டாய்லெட்ல தாழ்ப்பாள் இல்லை, நாத்தம், அதனால காலைலேர்ந்து சாயங்காலம் வரை ஒரு தடவைகூடப் போனதில்லைன்னு அப்புறம்தான் சொன்னான்.

முதல்ல அடைப்பை எடுக்க மருந்து, அப்புறம் மாசக்கணக்குல தினமும் மேக்ரோகோல் பவுடர், தண்ணியில கலக்கிக் குடுத்தா மலத்தை இளக்கற மருந்து. நடுவுல சரியாயிடுச்சுன்னு நானா நிறுத்தி ரெண்டு தடவை மறுபடி வந்துச்சு. அதோட காலைல, ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அஞ்சு பத்து நிமிஷம் உக்கார வைக்கறது, கால் தொங்காம கீழ ஒரு மணை. சாப்பிட்டதும் பெருங்குடல் தானா அசையும், அந்த நேரத்தைத் தவற விடாதீங்கன்னாங்க. பாலும் நாள் பூரா குடிச்சுக்கிட்டே இருந்தான், அதைக் குறைச்சு சோறு சாப்பிட வச்சோம்.

பழைய வார்டு | வியாழன், மதியம் 3.00

அடித்ததை நினைத்து உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே அம்மா. வார்டுக்கு வரும் பத்துத் தாய்மாரில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் கருமலம், அதாவது கரும்பச்சையாக வரும் முதல் மலம், போகவில்லை என்றாலோ, பிறந்ததிலிருந்தே வயிறு வீங்கி மலம் கழிக்கத் திணறினாலோ காத்திருக்கக் கூடாது. குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ப்ரங் நோயாக இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு.

நீ சொன்ன கசிவு வயதானவர்களுக்கும் வரும். படுக்கையில் இருந்த ஒரு பாட்டிக்கு நாள் முழுதும் பேதி போகிறது என்று கூட்டி வந்தார்கள். அதற்கு முன் ஒரு வாரம் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கையுறை போட்டுப் பார்த்தால் மலக்குடல் முழுக்கக் கல்லாக இறுகிக் கிடக்கிறது. அதன் ஓரமாக நீர் மட்டும் வழிந்ததைத்தான் பேதி என்று நினைத்திருந்தார்கள். எடுக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எடுத்து முடித்ததும் அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

நல்லூர் வீதி | வெள்ளி, காலை 5.45

நான் கனடாவிலை இருக்கிறன். அப்பாவின்ரை கதையை எழுதிறன், ஆருக்காவது உதவும். கை நடுக்கம் துவங்கிறதுக்கு ஏழெட்டு வருசத்துக்கு முதலே அவருக்கு வெளிக்குப் போறது பெரிய கரைச்சல். வயசு போனால் அப்பிடித்தான் எண்டு விட்டிட்டம். அதே காலத்திலை கறி கருகினாலும் மணம் தெரியேல்லை எண்டு அம்மா சொல்லுவா. நித்திரையிலை கத்திக் கையைக் காலை அடிப்பார். மூண்டையும் நாங்கள் ஒண்டாச் சேர்த்துப் பார்க்கேல்லை. பிறகு நடுக்கம் வந்தாப் பிறகுதான் பார்க்கின்சன் எண்ட நரம்பு வருத்தம் எண்டு தெரிஞ்சுது. 1817இலை ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த வருத்தத்தைப் பற்றி எழுதின கட்டுரையிலேயே மலச்சிக்கல் பற்றி இருக்கெண்டு நரம்பு டொக்டர் சொன்னவர்.

மலச்சிக்கல் எண்டால் பார்க்கின்சன் எண்டு ஒருத்தரும் பயப்பிட வேண்டாம். கனபேருக்கு அது இல்லை. ஆனால் இந்த மூண்டும் ஒண்டா இருந்தால் ஒருக்கா டொக்டரோடை கதையுங்கோ.

இரவுப்பணி | வெள்ளி, மதியம் 12.10

நான் முதல்ல தண்ணி, கீரைன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். இதையெல்லாம் படிச்சதும் என் சித்தப்பா ஞாபகம். 54 வயசுல திடீர்னு வயிறு கட்ட ஆரம்பிச்சுது, ரத்தமும் வந்துச்சு. மூலம்னு ஒரு இடத்துல எட்டு மாசம் வைத்தியம் பண்ணாங்க. விரல் விட்டுக்கூடப் பரிசோதிக்கலை. எடை ஒன்பது கிலோ குறைஞ்ச பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். மலக்குடல்ல புற்றுநோய். விரலுக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு.

அதனால, நாப்பத்தஞ்சு அம்பது வயசுக்கு மேல புதுசா வந்த மலச்சிக்கல், ரத்தம், காரணமில்லாத எடை இறக்கம், ரத்தசோகை, மலம் திடீர்னு பென்சில் மாதிரி மெலிஞ்சு போறது, குடும்பத்துல யாருக்காவது குடல் புற்று, இதுல ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியத்துல நாளைக் கடத்தாதீங்க. கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பாக்கற டெஸ்ட், பாத்துடுங்க. வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காத்துகூடப் பிரியலைன்னா அன்னைக்கே எமர்ஜென்சி.

பவானி கூடுதுறை | அடுத்த வியாழன், இரவு 9.15

பையோட போனோம். இந்த டாக்டர் அட்டை எல்லாத்தையும் எடுத்துப் பாத்தார். ரத்தம் 12.4 இருக்கு. இரும்புச்சத்தை நிறுத்திட்டார். ஜெல்லை மாத்திட்டார். கால்சியம் சாப்பாட்டுலயே போதும்னார். அமிட்ரிப்டிலினுக்கு பதிலா வேற மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமா மாத்தறார். தைராய்டு நார்மல். எட்டு வருஷமாச்சே, வயசும் அம்பதுக்கு மேலன்னு கொலோனோஸ்கோபி பண்ணச் சொன்னார். புண்ணு, கட்டி எதுவும் இல்லை. உள்சுவரு அங்கங்க பழுப்பு கலந்த கருப்பா இருக்கு, ரொம்ப நாள் சென்னா மாதிரி மருந்து எடுத்தவங்களுக்கு வர்ற நிறம், ஆபத்தில்லை, மருந்தை விட்டா மறைஞ்சிரும்னார்.

அப்புறம் அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டார். "வேலைக்குப் போன காலத்துல வயிறு வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஆறு மாடிக் கடையில பொம்பளைங்களுக்கு பாத்ரூம் மேல்மாடியிலதானாம். ஃப்ளோர் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுப் போகணும், அஞ்சு நிமிஷம் தாண்டினா மைக்ல கூப்பிடுவாங்களாம். தீபாவளி சீசன்ல காலைல ஒம்பதரைக்கு ஏறினா ராத்திரி பதினொண்ணு. தண்ணி குடிச்சா போகணுமேன்னு பாட்டிலையே தொட மாட்டாங்களாம். காலைல வீட்ல வயிறு வந்தாலும் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும்னு அடக்கிக்கிட்டே ஓடுனது. 22 வருஷம். இத்தனை வருஷம் நான் பெத்த பொண்ணா பக்கத்துலயே இருந்தும் இதைக் கேட்டதே இல்லை.

சேலம் ஃபிசியோ | வெள்ளி, காலை 7.20

இதைத்தான் எதிர்பார்த்துப் படிச்சிட்டு வந்தேன். நான் இடுப்புத்தளத் தசைகளுக்கான ஃபிசியோதெரபி பண்றவ. மலம் வெளிய வரணும்னா ரெண்டு வேலை ஒரே சமயத்துல நடக்கணும். வயிறு அழுத்தம் குடுக்கணும், மலக்குடலைச் சுத்தி கவண் மாதிரி பிடிச்சிருக்கற தசையும் ஆசனவாயும் தளரணும். வருஷக்கணக்கா அடக்கறவங்களுக்கு வர்ற ஒரு சிக்கல், அழுத்தம் குடுக்கற அதே நேரத்துல அந்தத் தசை இன்னும் இறுகிக்குது. மூடின கதவைத் தள்ளற மாதிரி. எவ்வளவு நார்ச்சத்து குடுத்தாலும் வாசல்ல போய்க் குவியுமே தவிர வெளிய வராது. உங்க அம்மாவுக்குக் கீரை சாப்பிட்டா உப்பிக்கிட்டதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அழுத்தம் அளக்கற மேனோமெட்ரி டெஸ்ட்டும் பலூன் டெஸ்ட்டும் எங்க இருக்குன்னு குடல் நோய் நிபுணர்கிட்ட கேளுங்க. பெரிய மையங்களுக்கு வர்ற நாள்பட்ட மலச்சிக்கல்காரங்கள்ல மூணுல ஒருத்தருக்கு இந்தத் தசைக் கோளாறு இருக்கும். மருந்தில்லாம பயிற்சியிலயே பாதிக்கும் மேல பேருக்கு நல்லாகுது.

அந்தக் கடை விஷயம். 2021ல தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு சட்டத்திருத்தம் வந்துச்சு. பாத்ரூம் போறதுக்கு ஒருத்தர்கிட்ட அனுமதி கேட்டு நிக்கற நிலைமையையும் இதே அளவுக்குப் பேசணும். என்கிட்ட வர்ற பொம்பளைங்கள்ல துணிக்கடை, போலீஸ், பள்ளிக்கூடத்து டீச்சர்னு அடக்கியே பழகினவங்கதான் அதிகம். இது அவங்க சாப்பாட்டுல இருக்கற குறை இல்லை.

பவானி கூடுதுறை | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

பதில் போட்ட எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன்.

மாத்திரை மாத்தினதுலயே பாதி குறைஞ்சிருச்சு. ஆறு நாள்ங்கறது மூணு நாளாச்சு. ஆனா முக்கறது, மிச்சம் நிக்கறது அப்படியேதான் இருந்துச்சு. கோயமுத்தூர்ல டெஸ்ட் பண்ணோம். சின்ன பலூனை உள்ள வச்சு 50 மில்லி தண்ணி நிரப்பி, தனியா கழிவறைக்கு அனுப்பி அதைத் தள்ளச் சொல்றாங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள வரணும். அம்மா நாலு நிமிஷம் உக்காந்தும் வரலை. வெளிய வந்து என்கிட்ட "என்னால முடியலை கண்ணு"ன்னு அழுதுட்டாங்க. டாக்டர்தான், "முடியாம போனதுலதாம்மா காரணம் கிடைச்சிருக்கு"ன்னு சொல்லித் தேத்தினார். சேலம் ஃபிசியோ அக்கா சொன்னதேதான்.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பயிற்சி. கம்ப்யூட்டர் திரையில ஒரு கோடு ஓடும். முக்கும்போது ஆசனவாய்க் கோடு கீழ இறங்கணும். அம்மாவுக்கு மேல ஏறும். மூணாவது தடவை போனப்போதான் முதல் முறையா இறங்குச்சு. அம்மா திரையைக் காட்டி சின்னப்புள்ளை மாதிரி என்னைப் பாத்தாங்க. வீட்ல மேலைநாட்டு டாய்லெட்தான், காலுக்குக் கீழ ஒரு மணை போட்டிருக்கோம். முட்டி இடுப்பைவிட உசரமா இருக்கணும், முன்னாடி குனிஞ்சு, மூச்சைப் பிடிக்காம. காலைல டிபன் முடிச்சு பத்து நிமிஷத்துக்குள்ள போய் உக்காருறாங்க. அந்த நேரத்துல யாரும் கதவைத் தட்டக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

முழுசா தீரலைங்க. மேக்ரோகோல் பவுடர் இன்னும் பாதி அளவு ஓடுது. இன்னும் ரெண்டு சிட்டிங் பாக்கி.

மாத்திரைக்கடை | ஞாயிறு, இரவு 8.10

அக்கா, படிச்சதும் நிம்மதியா இருக்கு. ஒரு சின்ன விஷயம். உங்களுக்கு இல்லை, படிக்கற மத்தவங்களுக்கு. தைராய்டு மாத்திரை எடுக்கறவங்க இசப்கோலையோ இரும்பு, கால்சியத்தையோ அதோட சேர்த்துப் போடாதீங்க. நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, இல்லைன்னா தைராய்டு மருந்து உடம்புல சரியா சேராது. தைராய்டு குறைஞ்சா அதுவே வயித்தைக் கட்டும். இசப்கோலை எப்பவும் ஒரு டம்ளர் முழுக்கத் தண்ணியோட குடிங்க. கொஞ்சம் தண்ணியில விழுங்கினா தொண்டையிலயோ குடல்லயோ களி மாதிரி அடைச்சுக்கும்.

தாமிரபரணி | திங்கள், காலை 6.50

எங்க அக்கா மூணு நாள் மாத்திரை போடாம இருந்தா. நாலாம் நாள் காலையில தானா போச்சுன்னு போன் பண்ணுதா. பன்னிரண்டு வருஷத்துல முதல் தடவையாம். இந்த வாரம் தூத்துக்குடிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அட்டைகளையெல்லாம் பையில எடுத்து வச்சாச்சு.

பவானி கூடுதுறை | திங்கள், இரவு 9.00

அண்ணா, நல்லா பாத்துட்டு வந்து எழுதுங்க. அக்காவுக்கு எத்தனை வயசு? ரத்தம், எடை குறையறது ஏதாவது இருக்கான்னு கேட்டுக்கங்க.

எங்க எதிர்வீட்டுப் பொண்ணு அம்மா வேலை பாத்த மாதிரி கடைக்குத்தான் இப்ப போகுது, 23 வயசு. நேத்து சாயங்காலம் அம்மா அதைத் திண்ணையில உக்கார வச்சு ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. இன்னைக்குக் காலைல அது பஸ்ஸுக்கு ஓடும்போது கையில தண்ணி பாட்டில் இருந்துச்சு.